இளசுகளை ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: வீட்டில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் என்று பார்த்துப் பார்த்து வைத்துப் பாட்டு கேட்கும் பழக்கம் நரைத்த தலைகளோடு முடிந்துவிடுமா? இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்களை இதற்குள் எப்படிக் கொண்டுவருவது?

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போடுங்கள். இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் அவர்களை உட்காரவையுங்கள். வால்யூம் குமிழை அவர்கள் கையில் கொடுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். எனக்கே அது படிய இருபது வருஷம் பிடித்தது.

முதலில் ஒரு பழைய பல்லவியை நிறுத்தியாக வேண்டும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காதே கெட்டுப்போச்சு, எம்பி3 கேட்டு வளர்ந்தவர்களுக்கு நல்ல ஒலி எங்கே தெரியப்போகிறது" என்பது. 2009-ல் ஸ்டான்ஃபோர்டு இசைப் பேராசிரியர் ஜோனதன் பெர்கர், தன் மாணவர்கள் பாட்டைச் சுருக்குவதால் எம்பி3-யில் சேரும் ஒருவிதச் சலசலப்பையே அதிகம் விரும்புகிறார்கள் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. எங்கள் கூட்டத்தில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்திருக்க வேண்டும். பேரன் பரீட்சையில் தோற்றதைக் கொண்டாடும் தாத்தாக்கள் மாதிரி. அடுத்த சில வருஷங்களில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல், 128 கிலோபிட் எம்பி3-யையும் சிடியையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். பெரும்பாலும் சிடியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு ஸ்பீக்கர்களை மறைத்து வைத்துக் கேட்கவைத்தபோதும், அளவீட்டில் எது பதிவை மாற்றாமல் நேர்மையாக ஒலித்ததோ அதற்கே அதிக மதிப்பெண். சின்னச் சோதனைதான், நடத்தியதும் ஸ்பீக்கர் விற்கிற நிறுவனம்தான், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் காது கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் அந்த அளவுக்குக்கூட ஆதாரம் கிடையாது.

சொல்லப்போனால் நம்மைவிட அதிக நேரம் பாட்டு கேட்கிறவர்கள் அவர்கள்தான். கேட்கிற இடம் மட்டும் மாறியிருக்கிறது. 1979-ல் வாக்மேன் வந்தபோதே பாட்டு கூடத்தை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டது. 2001-ல் ஐபாட், 2016-ல் ஹெட்ஃபோன் துளையே இல்லாத ஐபோன், இப்போது ஒயரே இல்லாத இயர்பட்ஸ். படிப்படியாக இசை அறையிலிருந்து தலைக்குள் குடிபோய்விட்டது. தரமும் மோசமில்லை. இன்றைக்குச் சாதாரண விலைக்குக் கிடைக்கிற ஒயர் வைத்த இயர்ஃபோன்கள் சில, என் இளமையில் நான் ஏங்கிய ஹெட்ஃபோன்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதை வாங்குகிற பையன்களும் பெண்களும் எந்தச் சுருதி எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் ஃப்ரீக்வன்சி வரைபடத்தை விரலால் தடவிப் பார்த்து, "ரெண்டு கிலோஹெர்ட்ஸ்ல கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். ஆக, இந்தப் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நாம்தான் ஸ்பீக்கருக்குப் பின்னால் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. அவர்கள் அடிக்கடி சொல்கிற 'ஹார்மன் டார்கெட்' என்ற ஹெட்ஃபோன் இலக்குக் கோடு இருக்கிறதே, அதே ஷான் ஆலிவும் சக ஆய்வாளர்களும் 2012, 2013 வாக்கில் உருவாக்கியது, அதன் தொடக்கப்புள்ளி நல்ல ஸ்பீக்கர்கள். நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் ஒருவர் காதை எட்டும்போது எப்படி இருக்குமோ, ஹெட்ஃபோனும் ஏறக்குறைய அப்படி ஒலிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. காதில் மாட்டிக்கொண்டு திரிவது ஒரு அறையின் நகல். அசலைக் கேட்க வா என்று கூப்பிட இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

ஆனால் கூப்பிட்ட பிறகு என்ன செய்கிறோம்? என் கதையையே சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். "பெரியப்பா, இது என்ன செட்டு?" என்றுதான் கேட்டான். நான் ஆம்ப்பில் தொடங்கி, ஒயருக்குப் போய், எதிரொலியை உறிஞ்ச அறையின் மூலையில் வைத்த பஞ்சுப் பலகை வரைக்கும் விளக்கினேன். பிறகு வழக்கமாகச் சோதனைக்குப் போடுகிற பதிவைப் போட்டேன். ஒரு பெண் குரல், ஒரு டபுள் பாஸ் (ஆளுயர வயலின் மாதிரி வாத்தியம்), பின்னணியில் யாரோ கண்ணாடிக் கோப்பையை வைக்கிற சத்தம். "அந்தக் கோப்பை சத்தம் கேட்டுச்சா?" என்றேன். "ம்" என்றான். இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது அவன் கட்டைவிரல் செல்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவனைத் திட்டித் தீர்த்தேன். இப்போது யோசித்தால், அவனுக்குத் தெரியாத பாட்டில் அவனுக்குத் தேவையில்லாத கோப்பையைக் காட்டியிருக்கிறேன். அவன் பொறுமையைத்தான் மெச்ச வேண்டும்.

அடுத்து வந்தவள் அக்கா மகள். அதற்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. "உன் பாட்டைப் போடும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் செல்பேசியிலிருந்து போட்டது, சுருதிப் பெட்டியை யாரோ மாடியிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி இருந்த ஒரு ராப். எனக்குப் பிடிக்கவில்லை, முகத்தில் காட்டவில்லை. பத்து விநாடி கேட்டாள். எழுந்து ஸ்பீக்கர்களுக்கு நடுவில் இருந்த அலமாரிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள்.

"நடுவுல இன்னொரு ஸ்பீக்கர் இருக்கா மாமா?"

"இல்லியே."

"அப்ப அவன் எங்கேர்ந்து பாடறான்?"

இந்தக் கேள்வி ஒன்றுக்காகத்தான் இத்தனை சாமானும். இரண்டு ஸ்பீக்கரில் ஒரே குரல் ஒரே அளவில் வந்தால், இரண்டுக்கும் நடுவே வெறும் காற்றில் ஆள் நிற்பதாக மூளை முடிவு கட்டிவிடுகிறது. ஆலன் பிளம்லைன் 1931-லேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் பழைய வித்தை, இன்றைக்கும் முதல் தடவை கேட்கிறவரை எழுந்து நடக்கவைக்கிறது. ஹெட்ஃபோனில் இடப்பக்கத்துச் சத்தம் இடக்காதுக்கு மட்டும் போகும், வலப்பக்கம் வலக்காதுக்கு மட்டும். அதனால் பாடகர் நம் மண்டைக்குள் உட்கார்ந்து பாடுகிறார். ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டு பக்கத்தையும் கேட்கும், தலையைத் திருப்பினால் மாறும், அதனால் எதிரே நின்று பாடுகிறார். அப்புறம் பாஸ். அவள் அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருப்பாள். அந்தத் தாழ்ந்த ஒலி நெஞ்சுக்கூட்டில் தட்டுவது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. சோபாக் கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன்.

எதையும் விற்க முயலாமல் கேட்கவைப்பது புது யோசனை ஒன்றும் இல்லை. எட்கர் வில்ச்சூரும் ஹென்றி க்ளாஸும் 1954-ல் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற ஸ்பீக்கர் நிறுவனம், 1960-களில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் ஒரு கேட்கும் அறை வைத்திருந்தது. ரயிலுக்கு நேரம் இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது, வாங்கச் சொல்லி வற்புறுத்த ஆளும் கிடையாது. ஜப்பானில் இன்னொரு வழி. வெளிநாட்டு இசைத்தட்டு வாங்கவோ நல்ல செட்டு வைக்கவோ வழியில்லாத மாணவர்கள், போருக்குப் பிந்தைய வருஷங்களில் 'ஜாஸ் கிஸ்ஸா' என்ற காபிக் கடைகளில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பார், தட்டு சேர்த்திருப்பார், சில கடைகளில் பேசினால் முறைப்பார். இன்றைக்குப் பல நாட்டு நகரங்களில் 'லிசனிங் பார்' என்று முளைக்கிறவை எல்லாம் அதன் வாரிசுகள்தான். அங்கே போய்ப் பாருங்கள், பாதிக்கு மேல் இளைஞர்களாக இருப்பார்கள். அதே இளைஞர்கள் ஆடியோ கண்காட்சி பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஏன் என்றால் கண்காட்சியில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது அரங்குக்காரர், அவரும் என்னைப்போல ஒரு கோப்பை சத்தத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்.

கேட்டாயிற்று, ஆசை வந்தாயிற்று. அடுத்த தடை இடம். இருபத்தைந்து வயசில் சொந்த வீடும் தனி இசை அறையும் யாருக்கு இருக்கிறது? வாடகை அறை, மெல்லிய சுவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டை கட்ட வேண்டும். அவர்களிடம் போய் ஆளுயர ஸ்பீக்கரையும் நாற்பது கிலோ ஆம்ப்பையும் காட்டினால், "சூப்பர் அங்கிள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மேசைக்கு வாருங்கள். ஆம்ப் உள்ளேயே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் ஜோடி ஒன்று, மேசையின் இரண்டு ஓரத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர், ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கு ஒரு மீட்டர். அடியில் நாலு தடிமனான புத்தகத்தை வைத்து கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டரைக் காது உயரத்துக்குத் தூக்கி, முகத்தைப் பார்க்கிற மாதிரி லேசாகத் திருப்பிவிட்டால் போதும். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் அறையின் எதிரொலியைவிட ஸ்பீக்கரின் நேரடிச் சத்தமே மேலோங்கி இருக்கும். குறைந்த வால்யூமிலேயே நிறைவாகக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார்.

பாஸ் மட்டும் அறைக்கு அறை படுத்தும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 4 மீட்டர் இருந்தால், 43 ஹெர்ட்ஸ் பக்கத்துத் தாழ்ந்த ஒலியில் அறையே கூடச் சேர்ந்து முனக ஆரம்பிக்கும். ஒரு இடத்தில் காதை அடைக்கும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். மூலையில் ஸ்பீக்கரை ஒட்டி வைத்தால் இன்னும் மோசம். பின்னால் துளை இருக்கிற ஸ்பீக்கர் என்றால் ஒரு சாக்ஸைச் சுருட்டி அதில் செருகிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். இளைஞர்களுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும் என்பது என் அனுபவம். ஒரு அளவீட்டு மைக், அறையின் ஒலியை அளக்கும் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருள், ஒரு மடிக்கணினி. திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு தெரியும். நாற்காலியை நகர்த்தினால் கோடு மாறும், காதும் அதையே சொல்லும். நாங்கள் எல்லாம் பத்து வருஷம் தடவித் தடவிக் கற்றதை அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுவிடுகிறார்கள். பொறாமையாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

டிவியையும் வீடியோ கேமையும் கேவலமாகப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். இன்றைக்கு இருபது வயதுக்காரர் முதல் ஸ்பீக்கர் வாங்கினால் அது பாட்டுக்காக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஸ்பீக்கருக்கு எடுத்துவரும் இணைப்பு) இருக்கிற ஒரு ஸ்டீரியோ ஆம்ப்போ ஸ்பீக்கரோ இருந்தால், ஒரே ஒயரில் டிவி, விளையாட்டுப் பெட்டி எல்லாம் வந்துவிடும். கேமில் பின்னால் யாரோ நடந்து வருகிற காலடிச் சத்தத்துக்காக வாங்கியவர்கள், ஒரு ராத்திரி பாட்டும் போட்டுப் பார்ப்பார்கள். அந்த ராத்திரி வரும்வரை நமக்குப் பொறுமை வேண்டும்.

இசைத்தட்டு விஷயத்தில் எங்கள் ஆட்கள் பண்ணுகிற அலட்டல் தனி. அமெரிக்காவில் 2022-ல் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை சிடியைத் தாண்டியது, 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வாங்குகிறவர்களில் கணிசமானவர்கள் இளைஞர்கள், பலரிடம் அதைச் சுழற்ற டர்ன்டேபிள்கூட இல்லை. சுவரில் மாட்டிவைக்கிறார்கள். மாட்டட்டுமே! அட்டைப்படத்துக்காக வாங்கிய தட்டு என்றைக்காவது சுற்ற வேண்டும் என்று தோன்றும். அப்போது சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயர் வாங்குவார்கள். அதன் பீங்கான் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய தலைப்பகுதி, தட்டின் மேல் 4, 5 கிராம் எடையில் அழுத்தும். நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 2 கிராமுக்குள் முடித்துக்கொள்ளும். இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "ஐயோ, தட்டைக் கொல்றியே" என்று அலறாமல், அவர்கள் தட்டையே நம் டர்ன்டேபிளில் ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டுச் சொன்னால் ஏறும். தனிப்பட்ட முறையில் நான் சிடிக்காரன். உரசல் இல்லை, பழைய சிடிகள் இன்றைக்கு அடிமாட்டு விலைக்குப் போகின்றன. இதை எந்த இளைஞரிடமும் நான் வற்புறுத்துவதில்லை. கேட்டால் சொல்வேன். ஒருவரும் கேட்டதில்லை.

பணம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு முதலில் கண்ணில் படுவது எது? யானை விலை குதிரை விலையில் ஒரு ஒயர். அதற்குக் கீழே நாலு பெரியவர்கள், அந்த ஒயரைப் போட்டதும் திரை விலகிய மாதிரி இருந்தது என்று சத்தியம் செய்துகொண்டிருப்பார்கள். அவள் மனசுக்குள் என்ன நினைப்பாள்? காதில் பூ சுற்றுகிற கூட்டம் என்று நினைப்பாள். நினைத்தால் தப்பும் இல்லை. சில மீட்டர் தூரத்துக்குச் சாதாரணத் தடிமனான செம்பு ஒயர் போதும். கண்ணைக் கட்டிக் கேட்டால் இந்த அதிசயங்கள் பெரும்பாலும் ஆவியாகிவிடும். இதை எங்கள் ஆட்களே வாய்விட்டுச் சொல்லாதவரை, மற்ற விஷயங்களில் நாங்கள் சொல்கிற உண்மையையும் யாரும் நம்பப்போவதில்லை.

உண்மை நிலவரம் இளைஞர்களுக்குச் சாதகமானது. உள்ளங்கை அளவில், கிளாஸ் டி என்ற சிக்கன வகை ஆம்ப் ஒன்று சாதாரண அறைக்குத் தாராளம், டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான மின்னலையாக மாற்றும் டாக் என்ற பெட்டி சுத்தமாக ஒலிக்கப் பெரிய விலை தேவையில்லை. ஆப்பிள் மியூசிக் 2021-ல் கூடுதல் கட்டணம் கேட்காமல் சுருக்கும்போது எதையும் இழக்காத தரத்தைக் கொடுத்தது. 1985-ல் எவ்வளவு பெரிய பணக்காரர் வீட்டிலும் இல்லாத பாட்டுக் களஞ்சியம் இன்றைக்கு ஒரு மாணவியின் சட்டைப்பையில் இருக்கிறது. காசைப் போட வேண்டிய இடம் ஸ்பீக்கர் ஒன்றுதான், அதுவும் புதிதாக வேண்டியதில்லை. நன்றாகக் கட்டிய ஸ்பீக்கர் முப்பது வருஷம் உழைக்கும். பழசில் முதலில் போவது பாஸ் தரும் வூஃபரின் ஓரத்து ஃபோம் வளையம், விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிரும். அதற்கு மாற்று வளையம், பசை, ஒரு மதிய நேரம் இருந்தால் போதும். கையால் ஒரு தடவை அந்த வளையத்தை ஒட்டி, காய்ந்த பிறகு பாட்டு வந்ததைக் கேட்டவர்கள், இந்தப் பைத்தியத்தை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. அதனால்தான் எங்கள் பரணில் தூங்குகிற பெட்டிகளை விற்று நாலு காசு பார்ப்பதைவிடக் கொடுத்துவிடுவது மேல் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரும். இது ஆம்பளைகள் கூட்டமாகவே இருந்துவிட்டது. "வீட்டம்மா ஒத்துக்கணுமே" என்ற ஜோக்கைப் பாதி உரையாடல்களில் கேட்கலாம். கூட வருகிற பெண்ணிடம் "உங்களுக்கும் பாட்டு பிடிக்குமா மேடம்?" என்று கேட்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இளைஞர்கள் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள், அவர்களில் பாதிப் பேரைக் கதவிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அப்பா அம்மாக்களிடம் சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சத்தமாகக் கேட்கும் பழக்கத்தால் 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர்களின் செவித்திறன் ஆபத்தில் இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். இயர்ஃபோனில் எவ்வளவு ஏற்றினாலும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்பீக்கரில் ஏற்றினால் அடுத்த அறையிலிருந்து குரல் வரும். எந்தச் செயலியையும்விட நம்பகமான எச்சரிக்கை அது.

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் போகும்போது என் பழைய சின்ன ஸ்பீக்கர் ஜோடியையும் ஒரு குட்டி ஆம்ப்பையும் அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவள் அறைக்குப் போனேன். ஒரு ஸ்பீக்கர் துணி அலமாரியின் உச்சியில் படுத்திருந்தது, இன்னொன்று ஜன்னல் விளிம்பில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. தோழிகள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து பாட்டோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது.

"ஒரு தடவை ரெண்டையும் கீழ இறக்கி வச்சுப் பாக்கலாமாம்மா?"

"வேணாம் மாமா, அங்க வச்சாதான் பூனை ஏறாது."

சரி என்று தரையிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பாஸ் கொஞ்சம் அதிகம்தான்.